வெண்பாவுக்கு மூச்சு முட்டியபோது

"நேரிசையைக் கொடுத்தேன், நீ பஃறொடை ஆக்கிவிட்டாயே அம்மா" என்றார் அப்பா. கையில் என் கைபேசி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்கருகே கொண்டுபோய், மறுபடியும் தள்ளிப் பிடித்து, வரிகளை விரல் விட்டு எண்ணினார். ஏழு.

நேரிசை வெண்பாவுக்கு நான்கே அடிகள், அதைத் தாண்டி நீண்டால் பஃறொடை. முதல் மூன்றிலும் நந்நான்கு சீர், ஈற்றடியில் மூன்று. இரண்டாம் அடியின் கடைசியில் ஒரு சிறு கோடு போட்டுத் தனிச்சொல் நிற்கும். என் கைபேசித் திரையின் அகலம் 360 பிக்சல். அதில் ஒரு வரிக்கு மூன்று சீர்தான் அடங்கியது. நான்காவது சீர் துண்டாக விழுந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தனிச்சொல்லோ தன் கோட்டை மேலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. அடி முடிந்ததா, இடம் போதாமல் ஒடிந்ததா என்று படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. தளை தட்டாத வெண்பா, திரை தட்டிக் கிடந்தது.

அப்பா மதுரையில் ஒரு சிறிய அச்சகத்தில் 31 ஆண்டுகள் அச்சுக்கோர்த்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் வெண்பா எழுதத் தொடங்கினார். நான் 2006-இல் என் பயணக் கட்டுரைகளுக்காக ஆரம்பித்த இணையத்தளத்தில் அவருடைய வெண்பாக்களுக்கு ஒரு பிரிவு ஒதுக்கினேன். பிறகு அத்தை தன் சமையல் குறிப்புகளைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து மூன்றாவதாக ஒரு பிரிவு சேர்ந்தது. மூன்றுக்கும் ஒரே சட்டை. அந்தச் சட்டையும் எங்கோ ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த இலவச வார்ப்புரு. தலைப்புகளை எல்லாம் பெரிய எழுத்தாக்கு என்று அதில் ஒரு கட்டளை இருக்கும். தமிழில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கிடையாது, ஆகவே ஒன்றும் நடக்காது. தலைப்பு எது, குறிப்பு எது என்று பிரித்துக் காட்ட அந்த வார்ப்புரு நம்பியிருந்த பாதி வித்தைகள் நம் எழுத்தில் செல்லாக் காசு.

அப்பா சொன்னது சுருக்கென்று தைத்தது. அன்றிரவே மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனி அலங்காரம் செய்ய உட்கார்ந்தேன். முதல் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வெண்பாவுக்குச் சந்தன நிறத் தாளில் குங்கும எழுத்து, சமையலுக்குக் கொத்தமல்லிப் பச்சை, கட்டுரைக்கு நீலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு. பார்த்தால் சித்திரைத் திருவிழாவின்போது புதுமண்டபத்தில் நுழைந்ததுபோல் இருந்தது. நாகரிகமாக இருக்கட்டும் என்று தேதிகளுக்கு வெளிர்சாம்பல் போட்டிருந்தேன். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அப்பாவுக்கு அந்த வரியே கண்ணில் படவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணையத்தின் அணுகல் நெறிகள் சொல்கின்றன. என்னுடையது அதில் பாதிகூடத் தேறவில்லை.

"அச்சகத்தில் நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எதை?"

"கல்யாணப் பத்திரிகையும் கவிதைப் புத்தகமும் வேறு வேறாகத் தெரிய வேண்டுமே."

அவர் சிரித்துவிட்டார். அந்த அச்சகத்தில் இருந்தவை இரண்டே அளவு எழுத்துகள், தலைப்புக்கு ஒரு தடித்த எழுத்து. மை பெரும்பாலும் கறுப்பு. கோவில் நோட்டீஸ், தேர்வுத்தாள், கவிதைப் புத்தகம் எல்லாம் அதே எழுத்துப் பெட்டியிலிருந்துதான் வரும். "வித்தியாசம் எழுத்தில் இல்லை அம்மா, எழுத்தில்லாத இடத்தில் இருக்கிறது" என்றார். வரிக்கும் வரிக்கும் நடுவில் செருகுகிற ஈயத் தகடு எத்தனை, ஓரத்தில் விடுகிற மரக்கட்டை எவ்வளவு அகலம். தேர்வுத்தாளில் காகிதத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், தகடு குறையும். கவிதைக்குத் தகடு கூடும். அவ்வளவுதான் அவருடைய ஸ்டைல்ஷீட்.

நான் மூன்று நிறங்களையும் அழித்தேன். எழுத்துருக்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். தொடர்ந்து படிக்கும் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், அளவுகளும் பட்டியலும் உள்ள சமையலுக்கு முக்த மலர். ஒரு பிரிவுக்கு எதையாவது மாற்ற வேண்டுமென்றால், அந்த எழுத்து ஏன் அதைக் கேட்கிறது என்று ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. பயணக் கட்டுரைகள் எதையும் கேட்கவில்லை. ஆகவே அவைதான் அடித்தளம், மற்ற இரண்டும் அதிலிருந்து கொஞ்சம் விலகும்.

விலகுவது என்பதுதான், இணையப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் (கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்) இயல்பே. அந்தப் பெயரின் முதல் சொல் படிப்படியாக விழும் அருவியைக் குறிப்பது. மேலே சொன்னது கீழே ஒழுகி வரும். கீழே யாராவது குறிப்பாக மறுத்துச் சொன்னால் அந்த இடத்தில் மட்டும் திசை மாறும். ஹோகோன் வியும் லீ என்ற நார்வேக்காரர் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, அணு ஆய்வுக் கூடமான செர்னில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இந்த யோசனையை வெளியிட்டார். அந்த முதல் வரைவில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் எழுதியவர் பங்கு இத்தனை விழுக்காடு, படிப்பவர் பங்கு இத்தனை விழுக்காடு என்று பாகப்பிரிவினை செய்யலாம். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு அதிகாரபூர்வமாக வந்தபோது அந்த விழுக்காடுகள் காணாமல்போயின. அந்தப் பதிப்பில், 'இது முக்கியம்' என்று இருவருமே அடித்துச் சொன்னால் ஜெயிப்பவர் எழுதியவர். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கிப் படிப்பவருக்குக் கொடுத்தது. என் அப்பாவைப் போல எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறவர்களுக்கு இது நியாயமான தீர்ப்பு. அதற்கு மரியாதை கொடுத்து, எழுத்தளவுகளை பிக்சலில் கட்டிப்போடாமல், அவரவர் உலாவியில் வைத்திருக்கும் அளவின் மடங்காக ரெம் கணக்கில் மாற்றினேன்.

கொள்கை எல்லாம் சரி, வேலை நடக்க வேண்டுமே. வெண்பாப் பிரிவுக்கு மட்டும் வரி இடைவெளியைக் கூட்டி எழுதிச் சேமித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இதில் இரண்டு பிசகு, இரண்டும் என்னுடையவை. தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில். பிரிவுக்கு நான் 'வெண்பா' என்று தமிழிலேயே முகவரிப் பெயர் கொடுத்திருந்தேன். முகவரிக்குள் போகும்போது அது சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த சங்கேதமாகிவிடும். தோற்ற விதிகள் தேடிப் பிடிக்க ஒட்டப்படும் அடையாளமான கிளாஸ் பெயரைப் பிரிவின் பெயரிலிருந்து செய்யும்போது வேர்ட்பிரஸ் அந்தச் சங்கேதத்தைத் துடைத்துவிட்டு, மிச்சம் எதுவும் இல்லையென்றால் பிரிவின் எண்ணைப் போட்டுவிடும். 'கேட்டகரி-வெண்பா' என்று நான் தேடிக்கொண்டிருந்த இடத்தில் 'கேட்டகரி-12' உட்கார்ந்திருந்தது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்க்காமலே எழுத்துப்பிழை தேடினேன்.

12 என்று திருத்தியதும் பட்டியல் பக்கத்தில் வெண்பாக்கள் மூச்சு விட்டன. தனி வெண்பாவைத் திறந்தால் மறுபடியும் பழைய நெரிசல். இரண்டாவது பிசகு அது. பட்டியல் பக்கத்தில் பிரிவின் அடையாளம், முழுப் பக்கத்தையும் சுற்றியிருக்கும் பாடி குறியிலேயே இருக்கும். தனிப் பதிவில் பாடி குறி 'இது ஒரு தனிப் பதிவு' என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பிரிவு என்பதை, பதிவைச் சுற்றியிருக்கும் ஆர்ட்டிகிள் குறி சொல்லும். நான் வீட்டு வாசலில் எழுதியிருந்த பெயரைத் தேடினேன், அது அறைக்கதவில் எழுதியிருந்தது. விதியை ஆர்ட்டிகிள் குறியிலிருந்து தொடங்கியதும் இரண்டு இடத்திலும் சரியானது.

இனி அடி மடிவது. எழுத்தைச் சிறிதாக்கி நான்கு சீரையும் ஒரே வரியில் திணிப்பது எளிய வழி. அப்பா படிக்க முடியாத அளவில் அப்பாவின் வெண்பா இருப்பதில் என்ன பொருள்? ஆகவே மடிந்தால் மடியட்டும், மடிந்தது என்று தெரியட்டும் என்று முடிவு செய்தேன். பழைய செய்யுள் பதிப்புகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். அடி ஓரத்திலிருந்து தொடங்கும், இடம் போதாமல் மிஞ்சியது அடுத்த வரியில் நன்றாக உள்தள்ளி நிற்கும். சிஎஸ்எஸ்ஸில் இதற்கு ஒரு சின்னத் தந்திரம். முழு அடிக்கும் இடப்பக்கம் இரண்டு எம் (எழுத்தின் அளவை ஒட்டிய அலகு) இடம் விட்டு, முதல் வரியை மட்டும் அதே இரண்டு எம் பின்னுக்கு இழுக்க வேண்டும். டெக்ஸ்ட்-இன்டென்ட் என்ற பண்புக்குக் கழித்தல் குறி போட்டால் இழுத்துவிடும்.

ஆனால் அந்தப் பண்பு ஒரு பத்தியின் முதல் வரிக்குத்தான் வேலை செய்யும். நானோ 143 வெண்பாக்களிலும் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அடித்து, நான்கு அடிகளையும் ஒரே பத்தியாக வைத்திருந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் அடி பிரிக்க, அவர் தன் குறிப்பேட்டோடு ஒப்பிட்டார். 2011-இலிருந்து இணையத்தில் கிடந்த ஆறு எழுத்துப்பிழைகளை அந்த இரண்டு ஞாயிறுகளில் கண்டுபிடித்தோம். தனிச்சொல்லையும் அதன் கோட்டையும் ஸ்பேன் என்ற ஒரே குறிக்குள் போட்டு, இடையில் ஒடியக்கூடாது என்று நோராப் கொடுத்தேன். இனி கீழே இறங்கினால் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும்.

மேற்கோள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்ப்புருவில் மேற்கோள் எல்லாம் சாய்ந்த எழுத்து. அந்த எழுத்துருவில் சாய்ந்த தமிழ் என்று தனியாக ஒரு வடிவம் வரையப்பட்டிருக்கவில்லை. அப்படி இல்லாதபோது உலாவி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். ழகரத்தின் வாலும் றகரத்தின் காலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். "காற்றில் சாய்ந்த வாழைத்தோப்பு" என்றார் அப்பா. ஃபான்ட்-சிந்தெசிஸ் என்ற பண்பில் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டால் உலாவி இந்தக் கைவேலையில் இறங்காது. மேற்கோளுக்கு இடப்பக்கம் ஒரு மெல்லிய கோடு போதும்.

கட்டுரைகளின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆசையையும் தீர்த்துக்கொண்டேன். 'கொ', 'நி' போன்றவை உயிர்க்குறியோடு முழுசாகப் பெரிதாயின. மகிழ்ச்சியாக இருந்தது. ஸ்ரீரங்கம் கட்டுரையைத் திறந்தேன். யூனிகோடு கணக்கில் 'ஸ்ரீ' ஓர் எழுத்தல்ல, 'ஸ்' ஒன்று, 'ரீ' ஒன்று. யானை அளவில் ஒரு ஸ், அதன் காலடியில் குட்டி ரீ. அந்த அலங்காரத்தையே எடுத்துவிட்டேன். காரணம் சொல்ல முடியாத அலங்காரம்தானே அதுவும்.

இவ்வளவு விதிகளும் சேர்ந்தபோது கோப்பு எனக்கே புரியாத காடாகிவிட்டது. எது எதை வெல்லும் என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, தோற்ற இடத்தில் எல்லாம் 'இது முக்கியம்' என்று அடித்துச் சொல்லும் அந்த 'இம்பார்ட்டன்ட்' போட்டுப் போட்டு வந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், 47 இடம். எல்லாரும் கத்துகிற கூட்டத்தில் யாருடைய குரலும் கேட்காது என்பதற்கு அந்தக் கோப்பே சாட்சி.

மாறிகளைக் கொண்டு முதலிலிருந்து எழுதினேன். பிரிவுக்குப் பிரிவு மாறுகிறவை என்னென்ன என்று மட்டும் பட்டியல் போட்டால் நான்கு தேறின: வரி இடைவெளி, எழுத்துரு, இடப்பக்க உள்தள்ளல், தொடக்கத்தில் விடும் வெற்றிடம். இவற்றை மேலே ஒருமுறை அறிவித்துவிட்டு, கீழே எல்லா விதிகளும் அந்தப் பெயர்களையே பயன்படுத்தும்படி செய்தேன். பிரிவுகளில் நிறமோ அளவோ நேரடியாக எழுதக்கூடாது. நான்கு பெயர்களுக்கு மதிப்பு கொடுப்பதோடு சரி. இந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. சிஎஸ்எஸ் மாறிப் பெயர் இரண்டு கோடுகளில் தொடங்க வேண்டும், அதன் பிறகு தமிழ் எழுத்துகளுக்குத் தடை இல்லை. அப்போது என் கோப்பில் வெண்பாப் பிரிவு இப்படி ஆரம்பித்தது:

--மூச்சு: 1.95;
--தொடக்கம்: 3;

கட்டுரைக்கு மூச்சு 1.75. வார்ப்புருவோடு வந்தது 1.5. மேலே 'கீ' போல வளைவும் கீழே 'பூ' போலச் சுழியும் உள்ள நம் எழுத்துக்கு அது கழுத்தைப் பிடித்த சட்டை.

தமிழ்ப் பெயர் வைத்த பெருமிதம் இரண்டு நாள்தான். ஒரு மாலை, அலுவலகக் கணினியில் ஒரு திருத்தம் செய்துவிட்டு வந்தேன். வீட்டில் திறந்தால் வெண்பாவின் மேலே இருந்த வெற்றிடம் முழுக்கப் போயிருந்தது. '--தொடக்கம்' அறிவிப்பிலும் இருக்கிறது, பயன்படுத்திய இடத்திலும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. நள்ளிரவு வரை முறைத்துப் பார்த்தேன். 'தொ'வில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வீட்டு விசைப்பலகை ஒருவிதமாகவும் அலுவலகத்தது இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கின்றன. சிஎஸ்எஸ் பெயர்களை ஒப்பிடும்போது குறியீட்டுக்குக் குறியீடு பார்க்குமே தவிர, ஒரே எழுத்துதானே என்று விட்டுக்கொடுக்காது. இப்போது ஒகர ஓகாரக் குறிகள் வராத பெயர்களாகப் பார்த்து வைக்கிறேன். 'தொடக்கம்' இப்போது 'முகப்பு'.

சமையல் பிரிவில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தை காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தளம் என்பது தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்து அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கிற தாள். "உருண்டைக் குழம்புக்கு ஆறு தாள் வந்தது, காசு கொடுத்தேன். ஒன்றில்தான் குழம்பு இருக்கிறது, மற்ற ஐந்தில் என்னென்னவோ இருக்கிறது" என்றார். மெனு, தேடல் பெட்டி, 'இதையும் படியுங்கள்' படங்கள், பழைய மாதங்களின் வரிசை எல்லாவற்றுக்கும் சேர்த்து அத்தை காசு கொடுத்திருக்கிறார்.

அச்சுக்கென்று தனி விதிகள் எழுதும் வசதி சிஎஸ்எஸ்ஸில் எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. பிரின்ட் என்ற நிபந்தனைக்குள் எழுதியவை காகிதத்துக்கு மட்டும் பொருந்தும். சமையல் பிரிவுக்கு அதில் மெனுவையும் ஓரப்பட்டைகளையும் மறைத்தேன். பொருட்களின் பட்டியல் பாதியில் முறிந்து அடுத்த தாளுக்குப் போகாமல் இருக்க பிரேக்-இன்சைடைத் தவிர்க்கச் சொன்னேன். கதவில் ஒட்டிய தாளை அடுப்படியில் நின்றபடி படிக்க வேண்டும், கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு கை தூரம், கூடவே ஆவி. ஆகவே எழுத்து 14 புள்ளி. 'துவரம் பருப்பு ஒரு ஆழாக்கு' என்பதில் அளவு தடித்த எழுத்தில். உருண்டைக் குழம்பு ஒரே தாளில் வந்து, கீழே நான்கு விரல் இடமும் மிஞ்சியது. அந்த இடத்தில் அத்தை பேனாவால் 'இவள் சொல்வதைவிட மிளகாய் இரண்டு குறைவு' என்று எழுதி வைத்திருக்கிறார். சொன்னது நானல்ல, அவரேதான்.

அப்பாவுக்குக் கோப்பைக் காட்டினேன். மற்ற வரிகள் புரியவில்லை, மூச்சு என்ற சொல்லில் விரல் நின்றது. "இதுதான் தகடா?" என்றார். ஆமாம் என்றேன். 1.95 என்பதை 2 ஆக்கிப் பார்க்கச் சொன்னார். செய்தேன். தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம், பழையதே இருக்கட்டும்" என்றார். அதன் பிறகு வாரம் ஒருமுறை ஏதாவது ஓர் எண்ணை மாற்றச் சொல்வதும், பார்த்துவிட்டுப் பழையதே போதும் என்பதும் வழக்கமாகிவிட்டது.

போன வாரம் தொலைபேசியில் அழைத்தார்.

"எண்பத்தேழாவது வெண்பாவில் மூன்றாம் அடி இன்னும் மடிகிறது."

"மடிந்தாலும் உள்ளே தள்ளித்தானே நிற்கிறது அப்பா. படிப்பவர்களுக்குப் புரியும்."

"புரியும், பார்க்க நன்றாக இல்லை. இரண்டு சீரைச் சுருக்கிவிட்டேன். எதுகை போகவில்லை, தளையும் தட்டவில்லை. எழுதிக்கொள்."

"திரைக்காகப் பாட்டை மாற்றலாமா அப்பா?"

"அச்சகத்தில் இடம் போதாமல் எத்தனை பேர் பாட்டில் கை வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, முதல் சீரைச் சொல்லத் தொடங்கினார்.